சராசரிக்குள் மறைந்திருக்கும் ஒன்று: தனி நானோத் துகளைக் கண்ட வரலாறு



நானோ என்னும் சொல் இன்று சலவைத்தூள் விளம்பரம் வரை வந்துவிட்டது. ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். 50 நானோமீட்டர் விட்டமுள்ள தங்கத் துகள்களை அந்த முடியின் குறுக்கே வரிசையாக அடுக்கினால் 1,600 துகள்கள் அடங்கும்.

இத்தகைய துகள்களில் ஒன்றை மட்டும் தனியே பிரித்து, அது ஒளியை எவ்வாறு வாங்கி எவ்வாறு உமிழ்கிறது, தட்டினால் எவ்வாறு அதிர்கிறது என்றெல்லாம் அறிவியலாளர் ஆராய்கின்றனர். ஒரு சொட்டு நீருக்குள் கோடிக்கணக்கான துகள்கள் மிதக்கும்போது ஒன்றை மட்டும் எதற்குத் தேட வேண்டும்? எல்லாம் தங்கம்தானே? இக்கேள்விக்குக் கிடைத்த விடை ஆசிரியர்களாகிய நமக்கும் பெற்றோர்க்கும் பயன் தரும் என்பதால் இவ்வரலாற்றை இங்குத் தொகுத்துத் தருகிறேன்.

செந்நிறத் தங்கம்

தங்கம் மஞ்சள் நிறம் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால், மிக நுண்ணிய தங்கத் துகள்கள் நீரிலோ கண்ணாடியிலோ கலந்திருக்கும்போது அக்கலவை மாணிக்கச் சிவப்பாகத் தோன்றும். இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கி.பி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானியக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. லைகர்கஸ் கிண்ணம் என்பது அதன் பெயர். வெளிச்சம் முன்னிருந்து பட்டால் அது பச்சையாகத் தெரியும். உள்ளிருந்து ஊடுருவினால் செக்கச் சிவந்துவிடும். அக்கண்ணாடிக்குள் இருக்கும் தங்க, வெள்ளி நுண்துகள்களே இதற்குக் காரணம். அதைச் செய்த கைவினைஞருக்கு இக்காரணம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

காரணத்தை முதலில் முறையாகத் தேடியவர் மைக்கேல் ஃபாரடே. தங்க உப்புக் கரைசலைப் பாஸ்பரஸ் கொண்டு வினைப்படுத்திச் சிவந்த நீர்மங்களை உண்டாக்கி, 1857இல் இலண்டன் ராயல் சொசைட்டியில் அவை குறித்து உரையாற்றினார். நிறத்திற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களே என்பது அவர் கருத்து. எனினும், அத்துகள்களை அவரால் காண இயலவில்லை. அவர் உண்டாக்கிய நீர்மக் குப்பிகள் சில இன்றும் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பாதுகாக்கப்படுகின்றன.

1908இல் ஜெர்மானிய இயற்பியலாளர் குஸ்டாவ் மீ, கோளவடிவத் துகள் ஒன்று ஒளியை எவ்வளவு உறிஞ்சும், எவ்வளவு சிதறடிக்கும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். துகளின் அளவு மாறினால் நிறமும் மாறும் என்பது அக்கணக்கால் தெளிவாயிற்று. கணக்கு, ஒரு துகளுக்குரியது. குப்பியில் அளந்ததோ கோடித் துகள்களின் கூட்டு நிறம். இவ்விரண்டுக்கும் இடையிலிருந்த இடைவெளியைக் கடப்பதே அடுத்து வந்த தலைமுறைகளின் வேலையாயிற்று.

இருளில் தெரிந்த புள்ளிகள்

இருட்டறைக்குள் ஓட்டின் இடுக்கு வழியாகக் கதிரொளி நுழையும்போது, அதுவரை தெரியாத தூசு மினுமினுப்பதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். தூசின் அளவு மாறவில்லை. பின்புலம் இருண்டது, பக்கவாட்டிலிருந்து ஒளி பட்டது, அவ்வளவுதான். இந்த எளிய உண்மையை நுண்ணோக்கிக்குள் கொண்டு வந்தவர்கள் இருவர். ஒருவர் வியன்னாவில் பிறந்த வேதியியலாளர் ரிச்சர்ட் சிக்மோண்டி. மற்றவர் ஜெர்மனியின் யேனா நகரிலிருந்த சைஸ் நிறுவனத்தின் ஹென்றி சீடன்டோப்ஃப். 1902, 1903ஆம் ஆண்டுகளில் அவர்கள் உருவாக்கிய மீநுண்ணோக்கியில் ஒளி பக்கவாட்டிலிருந்து பாயும். பார்வையாளர் மேலிருந்து இருண்ட புலத்தை நோக்குவார். தங்கத் துகள் ஒவ்வொன்றும் அங்கே ஓர் ஒளிப்புள்ளியாய்த் துள்ளிக் கொண்டிருக்கும்.

துகளின் வடிவத்தை அக்கருவி காட்டவில்லை. அது இருக்கிறது என்பதை மட்டும் காட்டியது. அதுவே பெரும்பேறு! சிக்மோண்டி ஒரு குறிப்பிட்ட கொள்ளளவுக்குள் எத்தனை புள்ளிகள் உள்ளன என்று எண்ணினார். நீர்மத்திலுள்ள தங்கத்தின் மொத்த எடை அவருக்குத் தெரியும். எடையை எண்ணிக்கையால் வகுத்து ஒரு துகளின் அளவைக் கணித்தார். ஆண்டு நான்கு மாணவரும் செய்யக்கூடிய வகுத்தல் கணக்கு அது. 1925ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். துகள்களைத் தனித்தனியே கண்ட பின்னரும், அவற்றின் அளவைச் சொல்ல அவர் வகுத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. கிடைத்தது சராசரி!

இராமனின் சுருதி ஆய்வு

இவ்வரலாற்றின் அடுத்த திருப்பம் தமிழர் இருவரால் நிகழ்ந்தது. சந்திரசேகர வெங்கட ராமன் 1888இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். கல்கத்தாவில் அரசு நிதித்துறைப் பணியில் இருந்து கொண்டே, ஓய்வு நேரத்தில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு செய்தார். ஒளி ஆய்வுக்கு முன் அவர் மனம் தோய்ந்தது ஒலியில். வீணை, தம்புரா, வயலின் ஆகியவற்றின் அதிர்வுகளை ஆராய்ந்தார். மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே பூசப்படும் கருஞ்சாந்தே தோலின் அதிர்வுகளை இசைவான சுருதிகளாக ஒழுங்குபடுத்துகிறது என்பதை 1920இல் வெளிவந்த கட்டுரையில் விளக்கினார்.

எது அதிர்ந்தாலும் அதற்கென ஒரு சுருதி உண்டு. மூலக்கூறும் அதிர்கிறது. அதன் சுருதியை ஒளியைக் கொண்டு அறியும் வழியே இராமன் விளைவு. திருவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து, ஏறக்குறைய 60 நீர்மங்களில் இராமன் இதைச் சோதித்தார். 1928 பிப்ரவரி 28ஆம் நாள் இக்கண்டுபிடிப்போடு இணைத்துப் போற்றப்படுகிறது. அதே ஆண்டில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டெல்ஷ்டாம் இருவரும் படிகங்களில் இதே விளைவைத் தனியாகக் கண்டறிந்தனர். 1930இல் இயற்பியல் நோபல் பரிசு இராமனுக்கு வழங்கப்பட்டது.

ஒரே நிறமுள்ள ஒளியை ஒரு பொருளின் மீது பாய்ச்சினால், சிதறும் ஒளியின் பெரும்பகுதி அதே நிறத்தில்தான் வரும். மிகச் சிறு பகுதி மட்டும் மூலக்கூற்றின் அதிர்வுக்கு ஆற்றலைக் கொடுத்தோ, அதிலிருந்து பெற்றோ நிறம் மாறி வரும். எவ்வளவு மாறியது என்று அளந்தால் மூலக்கூற்றின் சுருதி கிடைத்துவிடும். இடர்ப்பாடு என்னவெனில், இவ்வாறு நிறம் மாறி வருவது ஏறத்தாழ ஒரு கோடி ஒளித்துகள்களில் ஒன்றே. எனவே கோடானுகோடி மூலக்கூறுகள் சேர்ந்து ஒலித்தால்தான் கேட்கும். இராமன் கேட்டது ஒரு மாபெரும் சேர்ந்திசை. அதில் ஒற்றைக் குரலைப் பிரித்தறிவது அக்காலத்தில் எண்ணிப் பார்க்கவும் முடியாத செயல்.

நடவாது என்றார்கள், நடந்தது

1952இல், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் எர்வின் ஷ்ரோடிங்கர், ஒற்றை எலக்ட்ரானையோ அணுவையோ வைத்து நாம் என்றும் சோதனை செய்வதில்லை என்று எழுதினார். அற்றுப்போன கடல் ஊர்வனவற்றை விலங்குக் காட்சி சாலையில் வளர்க்க நினைப்பதைப் போன்றது அது என்னும் பொருள்பட அவர் ஒப்பிட்டார். அவர் காலத்துக் கருவிகளைக் கொண்டு பார்த்தால் அவர் கூற்றில் நியாயம் இருந்தது.

1960இல் லேசர் ஒளி பிறந்தது. 1989இல் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வகத்தில் மோர்னர், காடோர் இருவரும் படிகமொன்றில் புதைந்திருந்த பென்டசீன் என்னும் மூலக்கூறு ஒன்றே ஒன்று ஒளியை உறிஞ்சுவதை அளந்து காட்டினர். படிகத்தைத் திரவ ஹீலியத்தால் கடுங்குளிருக்குக் கொண்டு சென்றே இதனைச் செய்ய முடிந்தது. மறு ஆண்டில் பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஓரி, ஜாக் பெர்னார் இருவரும் ஒற்றை மூலக்கூறு உமிழும் ஒளியையே பிடித்துவிட்டனர். மோர்னருக்கு 2014இல் வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

வெள்ளித் துகள்களில் சில வல்லவை

இதற்கிடையே இராமன் விளைவின் மெல்லிய ஓசைக்கு ஓர் ஒலிபெருக்கி கிடைத்திருந்தது. 1974இல் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தில், சொரசொரப்பாக்கப்பட்ட வெள்ளித் தகட்டில் ஒட்டிய பிரிடின் மூலக்கூறுகள் எதிர்பாராத வலிமையுடன் இராமன் ஒளியைத் தந்தன. தகட்டின் பரப்பு கூடியதே காரணம் என்று முதலில் எண்ணினர். 1977இல் வேறு இரு குழுவினர் கணக்கிட்டுப் பார்த்தபோது, ஒளி இலட்சம் மடங்குக்கும் மேலாகப் பெருகியிருந்தது. பரப்பளவால் மட்டும் இது நேராது. வெள்ளியிலுள்ள எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஊசலாடி, மேடுபள்ளங்களின் இடுக்குகளில் ஒளியைக் குவிக்கின்றன என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

1997ஆம் ஆண்டு இதில் ஒரு மைல்கல். அமெரிக்காவில் நியே, எமரி இருவரும், க்னைப் தலைமையில் மற்றொரு குழுவினரும், வெள்ளி நுண்துகள்களின் உதவியால் ஒற்றைச் சாய மூலக்கூற்றின் இராமன் ஒளியைக் கண்டதாக அறிவித்தனர். நியே, எமரி இருவரின் ஆய்வில் நம் கேள்விக்கான முதல் விடை இருக்கிறது. அவர்கள் துகள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தனர். பெரும்பாலானவை வாளாவிருந்தன. மிகச் சிலவே அளவற்ற வலிமையோடு ஒளியைப் பெருக்கின. மொத்தமாக அளந்தபோது கிடைத்த பெருக்கம் அந்தச் சிலவற்றின் பெருமையையும் காட்டவில்லை; மற்றவற்றின் இயலாமையையும் காட்டவில்லை. சராசரி சொன்ன அளவில் பெருக்கும் துகளைத் தேடினால் அத்தகைய துகள் கிடைப்பதே அரிதாக இருக்கும்!

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. பெருக்கம் கோடி கோடி மடங்கு என்று அன்று மதிப்பிட்டார்கள். சாயம் தானாகவே அந்நிற ஒளியை வலுவாக ஏற்கும் தன்மையுடையது என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஒரு மூலக்கூற்றைக் காண அவ்வளவு பெருக்கம் தேவையில்லை என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. கண்டது உண்மையிலேயே ஒரு மூலக்கூறுதானா என்ற ஐயமும் இருந்தது. 2006இல் நியூசிலாந்தின் லெ ரு, எட்செகோய்ன் முதலியோர் இரண்டு சாயங்களைக் கலந்து சோதித்தனர். பல மூலக்கூறுகள் சேர்ந்து ஒளிர்ந்தால் இரு சாயங்களின் சாயலும் கலந்தே வரவேண்டும். மிக அரிதான நிகழ்வுகளில் ஏதேனும் ஒன்று மட்டுமே வந்தது. ஒன்றைக் கண்டேன் என்று சொல்வதற்கும் பல முறை எண்ணிப் பார்த்த சான்று வேண்டும் என்பதை அச்சோதனை உணர்த்தியது.

தங்க மணியின் ஓசை

ஒரு மூலக்கூறு அதிர்வதைப் போல ஒரு தங்கத் துகள் முழுவதும் மணியைப் போல அதிரும். மீள்திறனுள்ள கோளம் எவ்வாறெல்லாம் அதிரும் என்பதை ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹோரேஸ் லாம்ப் 1882லேயே கணக்கிட்டிருந்தார். பெரிய மணிக்குத் தாழ்ந்த சுருதி, சிறிய மணிக்கு உயர்ந்த சுருதி. 50 நானோமீட்டர் தங்கக் கோளம் மூச்சு விடுவதைப் போல விரிந்து சுருங்கினால், வினாடிக்கு ஏறத்தாழ 6,000 கோடி முறை அவ்வாறு அதிரும். ஒரு முறை விரிந்து சுருங்கி முடிவதற்குள் ஒளி 5 மில்லிமீட்டர்தான் கடந்திருக்கும்.

இந்த மணியை அடிக்கும் சுத்தியல் லேசர் துடிப்பு. வினாடியை இலட்சம் கோடிப் பங்காக்கி அதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே அத்துடிப்பு நீடிக்கும். அதைப் பட்டதும் துகள் சூடேறி, விரிந்து, அதிரத் தொடங்கும். சற்றுப் பின்னால் வரும் இரண்டாவது துடிப்பு, துகளின் ஒளியியல் பண்பு எப்படி மாறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லும். இரண்டாவது ஒளி செல்லும் பாதையை ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதி நீட்டினால் போதும். இன்னும் சற்றுப் பின்னால் வந்து பார்க்கும்.

1990களில் இச்சோதனை கோடிக்கணக்கான துகள்கள் மிதக்கும் நீர்மங்களில் செய்யப்பட்டது. அதிர்வு தெரிந்தது, விரைவில் அடங்கியும் போனது. அப்படியானால் ஒவ்வொரு துகளும் அவ்வளவு விரைவில் அடங்குகிறதா?

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். 30 மாணவர்களை ஒரே நேரத்தில் கைத்தட்டத் தொடங்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் தம் போக்கில் சீரான வேகத்தில் தட்ட வேண்டும். பிறரைப் பின்பற்றக் கூடாது. ஒருவர் சற்று வேகமாகவும் ஒருவர் சற்று மெதுவாகவும் தட்டுவர். முதல் சில தட்டல்கள் ஒன்றாக ஒலிக்கும். பிறகு தாளம் கலைந்து வெறும் இரைச்சலாகிவிடும். அறைக்கு வெளியே நிற்பவர் தாளம் நின்றுவிட்டது என்பார். உள்ளே ஒவ்வொரு மாணவரும் தம் தாளத்தைப் பிசகாமல் தட்டிக் கொண்டிருப்பார்.

துகள்களிலும் இதுவே நிகழ்ந்தது. எந்தக் குப்பியிலும் எல்லாத் துகள்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. சுருதிகள் சற்றே வேறுபட, கூட்டொலி விரைவில் கலைந்தது. அது துகளின் இயல்பன்று, கூட்டத்தின் இயல்பு. இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால் ஒரு துகளைத் தனியே கேட்டாக வேண்டும்.

தனியே கேட்பது எளிதன்று. துகள் சிதறடிக்கும் ஒளி அதன் விட்டத்தின் ஆறாம் அடுக்கில் குறையும். 50 நானோமீட்டர் துகளை விட 5 நானோமீட்டர் துகள் பத்து இலட்சம் மடங்கு மங்கலாகத் தெரியும். உறிஞ்சும் ஒளியோ மூன்றாம் அடுக்கில் குறைவதால் ஆயிரம் மடங்கே குறையும். ஆகவே சிதறலைத் தேடாமல் உறிஞ்சலைத் தேடுவதே அறிவுடைமை. 2002இல் போர்தோவில் லூனிஸ், ஓரி முதலியோர் இவ்வழியில் சென்றனர். ஒளியை உறிஞ்சிய துகள் சூடாகும். சுற்றியுள்ள பொருளும் சூடாகும். வெயிலில் காய்ந்த தார்ச்சாலையின் மேல் காட்சி அலைவதைப் போல, அச்சூடு மற்றோர் ஒளிக்கதிரைச் சற்றே கலைக்கும். அக்கலைவைக் கொண்டு சில நானோமீட்டர் அளவே உள்ள தங்கத் துகள்களையும் கண்டனர்.

2005இல் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் வான் டைக், லிப்பிட்ஸ், ஓரி ஆகிய மூவரும் ஒற்றைத் தங்கக் கோளத்தின் அதிர்வையே அளந்து வெளியிட்டனர். கூட்டத்தின் கலைவு அதில் இல்லை. கூட்டத்தில் கேட்காத வேறொரு தாழ்ந்த சுருதியும் அங்கே கேட்டது. அதிர்வு அடங்கும் நேரம் துகளுக்குத் துகள் வேறுபட்டது. மேசை மேல் வைத்த மணியும் கயிற்றில் தொங்கும் மணியும் ஒரே நேரம் ஒலிப்பதில்லை அல்லவா? அதுபோல ஒவ்வொரு துகளும் தன்னைத் தாங்கும் பரப்போடு எவ்வாறு ஒட்டியிருக்கிறது என்பதும் அதன் ஓசையைத் தீர்மானிக்கிறது.

இதே காலத்தில் கார்பன் நானோகுழாய்களும் தனித்தனியே ஆராயப்பட்டன. 2001இல் ஜோரியோ, மில்ட்ரெட் டிரெஸ்ஸல்ஹாஸ் முதலியோர் ஒற்றைக் குழாயின் இராமன் ஒளியைப் பதிவு செய்தனர். குழாய் விரிந்து சுருங்கும் சுருதியிலிருந்து அதன் விட்டத்தையும், அதில் கார்பன் அணுக்கள் சுற்றியுள்ள முறையையும் அறிய முடிந்தது. 2019இல் அமெரிக்காவின் இர்வைன் நகரில், அணுவளவு கூர்மையான வெள்ளி முனையைக் கொண்டு, ஒரு மூலக்கூற்றின் எப்பகுதி எவ்வாறு அதிர்கிறது என்பதையே படமாக்கினர். 1928இல் சேர்ந்திசையாகக் கேட்டது, 91 ஆண்டுகளில் தனிக்குரலாகிவிட்டது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

இந்த வரலாற்றிலிருந்து நான் இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, சராசரி பொய் சொல்வதில்லை. ஆனால் அது கூட்டத்தைப் பற்றியே பேசுகிறது. பத்து மாணவரும் 60 புள்ளிகள் பெற்ற வகுப்புக்கும், ஐவர் 90ம் ஐவர் 30ம் பெற்ற வகுப்புக்கும் சராசரி ஒன்றே. முதல் வகுப்புக்கு ஏற்ற பாடத்திட்டத்தை இரண்டாம் வகுப்பில் நடத்தினால், அங்கு இல்லாத ஒரு மாணவனுக்குக் கற்பித்தவராவோம். மலேசியாவில் 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. எனினும், பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டைக் கொண்டே குழந்தையின் திறனைப் பேசும் வழக்கம் நம்மிடையே முற்றாக நீங்கவில்லை. வகுப்பில் தாளம் கலைந்தது என்றால் குழந்தைகள் கைத்தட்டுவதை நிறுத்திவிட்டார்கள் என்று பொருளன்று.

இரண்டாவது, ஒன்றைப் பார்ப்பது எளிய வேலையன்று. கண்டதும் முடிவு கட்டவும் கூடாது. ஒரு துகளை மட்டும் அளந்து எல்லாத் துகள்களும் இப்படித்தான் என்று எவரும் சொல்லவில்லை. ஒவ்வொன்றாகப் பல துகள்களை அளந்தனர், வேறுபாடுகளை அட்டவணையிட்டனர், ஐயத்தைச் சோதித்தனர். நாமும் ஒரு தாளை, ஒரு நாளை, ஒரு குறும்பை வைத்து ஒரு பிள்ளையைத் தீர்மானித்தல் தகாது. அடங்கிப் போவதாகத் தெரியும் பிள்ளை எந்தப் பரப்பின் மேல் ஒட்டிக் கொண்டிருக்கிறான், வீட்டில் என்ன நிலை, பக்கத்தில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஃபாரடேயின் குப்பியிலிருந்து ஒற்றைத் துகளின் ஓசை வரை ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆயின. நம் வகுப்பறையில் 30 பேர்தாம் இருக்கின்றனர். ஒவ்வொருவரையும் தனியே கேட்பதற்கு நமக்கு லேசர் தேவையில்லை.

கைத்தட்டல் சோதனையை வகுப்பில் செய்து பார்க்கும் ஆசிரியர்கள், மாணவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைப் பகிர்ந்து கொண்டால் மகிழ்வேன்.